ஜன்னல் மூலைக்குப் போட்டி

"வலது பக்கம் பாடுது. இடது பக்கம் பாட மாட்டேங்குது" என்றார் சர்வேயர். ஹாலின் ஜன்னல் மூலையில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே மண்டியிட்டு, மாறி மாறி ஒவ்வொன்றின் வாயிலும் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

"பாதிப் பாட்டே தெருமுனை வரைக்கும் கேக்குது. மீதியும் வந்து என்னத்துக்கு?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

வேறொரு நாளாக இருந்திருந்தால் ஸ்டீரியோ என்றால் என்ன என்று சர்வேயர் விளக்கத் தொடங்கியிருப்பார். அவர் விளக்கத் தொடங்கினால் விருந்தாளிகள் செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடியதுண்டு. இன்று அவருக்கு விளக்குகிற மனநிலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருகிறார்.

அந்த ஆம்ப்ளிஃபயர் சர்வேயருக்குக் கல்யாணமாவதற்கு முன்பே வாங்கியது. மனைவியைவிட அது சீனியர் என்பதை அவரும் மறந்ததில்லை, அவளும் மறந்ததில்லை. முன்பக்கம் முழுக்க அலுமினியத் தகடு, டம்ளர் அளவுக்கு ஒரு வால்யூம் குமிழ். எடையா? வீடு மாறியபோது பீரோவை அநாயாசமாகத் தூக்கிய நான்கு பேர் இதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஐந்தாவது ஆளுக்குப் போன் செய்தார்கள்.

அதோடு சேர்ந்தவை அந்த இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். "புத்தக அலமாரியிலேயே அடங்கிடும், இடத்தையே அடைக்காது" என்று சொல்லித்தான் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தார். சொன்னபடியே அலமாரியில் அடக்கினார். அதில் இருந்த புத்தகங்கள் மட்டும் கட்டிலுக்கடியில் குடியேறிவிட்டன.

இவ்வளவு சாமானும் குந்தியிருந்தது ஜன்னல் மூலையில். வீட்டிலேயே பகல் வெளிச்சம் விழும் ஒரே இடம் அதுதான். மனைவியின் தையல் மிஷின் படுக்கையறை இருட்டில் கிடந்தது. அங்கே அவள் தைத்த ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாக அமைந்துவிட்டது. சர்வேயர் அதை ஆபீசுக்கே போட்டுக்கொண்டு போனார். யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

வினை போன வாரம் வந்தது. இந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மெத்தைக் கடை வைத்திருப்பவர், பாட்டுக் கேட்கும் அறைக்கு நான்கு சுவரிலும் மெத்தை அடித்து வைத்திருப்பவர், டீ குடித்துக்கொண்டே சொன்னார்:

"அத்தான், இந்தப் பழைய இரும்பைத் தூக்கிப் பரண்ல போடுங்க. நான் புதுசா ஒரு ஜோடி வாங்கியிருக்கேன். உள்ளங்கையில நிக்கும். ஆனா பாடிச்சுன்னா உங்க பீரங்கி வெக்கப்பட்டுத் திரும்பி உக்காந்துக்கும்."

"உள்ளங்கையில நிக்கிறது உள்ளங்கைக்குத்தான்டா பாடும்."

"பக்கத்துல வெச்சுக் கேட்டுப் பாத்துடலாமா?"

"பாத்துடலாம். கண்ணைக் கட்டிக்கிட்டு!"

"நான் ஜெயிச்சா உங்க இரும்பெல்லாம் பரணுக்கு. என் ஜோடியை இங்கயே விட்டுட்டுப் போறேன்."

"நான் ஜெயிச்சா, இனிமே இரும்புங்கிற வார்த்தையே உன் வாயில வரக் கூடாது!"

அதுவரை டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லுங்க. எது ஜெயிக்குதோ அது மட்டும்தான் இந்த மூலையில இருக்கும். ஜெயிக்காதது எதுவா இருந்தாலும் அன்னிக்கே ஹாலைக் காலி பண்ணணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறவே மாறாது" என்றார்கள் இருவரும். அப்படி ஒரே குரலில் அவர்கள் பேசியது அவளுடைய கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

மறுநாள் காலையிலேயே இடது பக்கம் வாயை மூடிக்கொண்டது.

சர்வேயர் லீவு போட்டார். மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே தூசி, மெத்தைக் கடையையே தோற்கடிக்கிற கனத்தில் படுத்திருந்தது. வால்யூம் குமிழின் அடியில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று முடிவுகட்டி, சுத்தம் செய்கிற திரவத்தைப் புஸ்ஸென்று அடித்தார். இடது பக்கம் பாடியது. வலது பக்கம் நின்றுவிட்டது.

"பரவாயில்லையே, ஷிஃப்ட் மாத்திக்கிச்சு" என்றாள் மனைவி.

இரவெல்லாம் யோசித்து, காலையில் விட்டுப்போன இணைப்புகளுக்கெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். இப்போது இரண்டு பக்கமும் வேலை செய்தது. ஆனால் பாட்டு இல்லை, "உம்ம்ம்" என்று ஓர் ஓசை மட்டும். சாதாரண உம்ம் இல்லை. ஜன்னல் கண்ணாடி கூடவே பாடியது. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ தேன்கூடு கலைந்துவிட்டது என்று நினைத்து ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

கதவு தட்டப்பட்டது. எதிர் ஃபிளாட் நர்ஸ், பாதித் தூக்கத்தில் நின்றிருந்தாள். நைட் டியூட்டி பார்ப்பவள், பகலில்தான் தூங்குவாள்.

"சார், வார்டுல மிஷின் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது நொந்து வந்து படுத்தா, இங்கயும் அதே சத்தம். யாரோ பேஷன்ட்டை விட்டுட்டு வந்துட்டேன்னு பதறி எழுந்துட்டேன்."

"எர்த் சரியில்லைம்மா. இப்பச் சரி பண்ணிடறேன்."

ஓர் ஒயரை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினார். உம்ம் நின்றது. சர்வேயர் ஒரு துள்ளுத் துள்ளினார். துள்ளி முடிப்பதற்குள் ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்குரல், கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று வீசும் என்று எச்சரித்தது. ஜன்னல் கம்பி ஏரியலாக மாறி ஏதோ ஒரு வானொலி நிலையத்தைப் பிடித்துவிட்டது! குமிழைக் குறைத்தால் குறையவில்லை. பாட்டைப் போட்டால் பாட்டுக்கு நடுவிலும் காற்று வீசியது.

"நாளைக்கு மழை வருமான்னு கேளுங்க, துணி ஊறப் போடணும்" என்றாள் மனைவி.

அடுத்தது கெப்பாசிட்டர். பழசானால் கெட்டுப்போகும், மாற்றினால் புத்துயிர் வரும் என்று எங்கோ கேட்டிருந்தார். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ஜோடி வாங்கிவந்து பொருத்தினார். ஒன்று நேராக, இன்னொன்று தலைகீழாக. ஸ்விட்சைப் போட்டார். தலைகீழாக நின்றது கொஞ்ச நேரம் அவமானத்தைப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டமால்!" என்று வெடித்தது. உள்ளே இருந்த காகிதப் பஞ்சு ஃபேன்வரை பறந்து, ஃபேன் அதை நியாயமாக எல்லாருக்கும் பங்கிட்டு, மனைவியின் டீயிலும் ஒரு பங்கு விழுந்தது.

அவள் டம்ளரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் டீயைக் கொட்டிவிட்டு வந்தாள். கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும், வெடியைவிட இது ஆபத்து.

பயத்தில் சர்வேயருக்குச் சுத்தம் பண்ணுகிற வேகம் வந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் திருகாணி, குமிழ், தகடு எல்லாவற்றையும் கழற்றி, கையில் கிடைத்த பெரிய எவர்சில்வர் குண்டானில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி ஊறவைத்தார்.

"என்னங்க, அது என் குண்டான்!"

"கழுவித் தந்துடறேன்."

"எத்தனை கழுவினாலும் ஸ்பிரிட் வாசனை போகாது. இனிமே அதுல சமைச்சா, சாப்பிட உக்காந்தவன் ஊசி போடப் போறாங்கன்னு சட்டைக் கையை மடிச்சு விடுவான்!"

அவள் எதிர் ஃபிளாட்டுக்குப் போய் நர்ஸிடம் ஒரு குண்டானை இரவல் கேட்டாள்.

"தாராளமா எடுத்துக்குங்கக்கா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் குடுத்துடுங்க. வீட்டுக்கு ஆள் வராங்க" என்றாள் நர்ஸ்.

கடைசியில், யார் செய்த புண்ணியமோ, சனிக்கிழமை மாலை ஆம்ப்ளிஃபயர் பாடியது. இரண்டு பக்கமும். உம்ம் இல்லை, புயல் எச்சரிக்கை இல்லை. மேல்மூடியைப் போட்டு முடித்தபோது உள்ளங்கையில் ஒரு திருகாணி மிஞ்சியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று யோசித்தார். மறுபடி திறக்கத் துணிவில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் இரண்டு குட்டி ஸ்பீக்கர்களை இடுக்கிக்கொண்டும், ஒரு மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டும் வந்து சேர்ந்தார்.

"மெத்தை எதுக்குடா?"

"எதிரொலியை முழுங்கத்தான் அத்தான். உங்க சுவர் ரொம்பப் பேசும்."

சர்வேயர் சும்மா இருப்பாரா? நிலம் அளக்கிற டேப்பை எடுத்து, தரையில் சாக்பீஸால் குறிபோட்டு, நாற்காலிகளை ஒரு நூல் பிசகாமல் நிறுத்தினார். பக்கத்து நாட்டோடு எல்லைத் தகராறு இருந்தால்கூட அவ்வளவு அளந்திருக்க மாட்டார்கள். மூலையையும் சமையலறை வாசலையும் சேர்த்து மறைக்கிற மாதிரி ஒரு பெரிய படுக்கை விரிப்பைக் கொடியில் தொங்கவிட்டார். அதற்குப் பின்னால் பழைய ஜோடி, புது ஜோடி, இரண்டுக்கும் பொதுவாக ஆம்ப்ளிஃபயர், எந்த ஜோடி பாட வேண்டும் என்று மாற்ற ஒரு ஸ்விட்ச். பாட்டு மனைவியின் போனில். அதிலிருந்து ஓர் ஒயர் ஆம்ப்ளிஃபயருக்கு.

"அக்கா, எது முதல்ல, எது ரெண்டாவதுன்னு நீதான் முடிவு பண்ணணும். எங்களுக்குச் சொல்லக் கூடாது" என்றார் மச்சான்.

"உங்க ரெண்டு பேருக்கும் எதையும் சொல்லாம இருக்கிறது எனக்குப் பழக்கம்தான்" என்று அவள் விரிப்புக்குப் பின்னால் போனாள்.

ஆண்கள் இருவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, பின்சுவரில் சாத்திய மெத்தைக்கு முன்னால் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். விரிப்புக்குப் பின்னால் "டப்" என்று ஒரு சத்தம்.

"என்ன ஆச்சு?" சர்வேயரின் குரல் ஒரு சுருதி ஏறியது.

"ஒண்ணுமில்லை. காலை இடிச்சுக்கிட்டேன்."

"ஏதோ தீயற வாசனை வருதே?"

"இந்த வாரம் முழுக்க நம்ம வீட்டுல வேற என்ன வாசனை வந்துது? பேசாம உக்காருங்க."

கொஞ்சம் தாமதம். சமையலறையில் பாத்திரம் உருண்டது. பிறகு பாட்டு எழுந்தது. ஒரு வயலின், பின்னால் மெல்லிய மேளம், நடுவில் ஒரு பெண்குரல்.

"இது முதல்" என்றாள் அவள்.

"சத்தம் கம்மியா இருக்கேக்கா" என்றார் மச்சான்.

"நர்ஸ் தூங்குறா."

"கம்மியாவே இருக்கட்டும்" என்றார் சர்வேயர். "கம்மி சத்தத்துலதான் ஸ்பீக்கரோட குலம் கோத்திரம் தெரியும்."

பாட்டு முடிந்தது. ஸ்விட்ச் "டக்" என்றது. மறுபடி அதே பாட்டு.

"இது ரெண்டாவது."

வயலின் இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் சர்வேயர் உருகிவிட்டார். "ஆஹா! முதல்ல கேட்டது தகர டப்பா. இதுதான் சங்கீதம்."

"அத்தான், எனக்கும் ரெண்டாவதுதான்! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஆழத்தைக் கவனிச்சீங்களா? அடியிலேர்ந்து கிளம்பி மேல வருது."

"வந்து, சுத்திச் சுழலுதே, அதைச் சொல்லு. சத்தம் வட்டமா வருதுடா! ஒரு மூலை முடுக்கு இல்லை."

"ஓரத்துல ஒரு மணி ஓசை கேக்குது பாருங்க, வெள்ளி மாதிரி. அது நான் சொன்னேனே, புது டிசைன். அதனாலதான்."

"எது புது டிசைன்? அது பழைய மரப்பெட்டியோட குணம். இது என் ஜோடி!"

"விளையாடறீங்களா? என் ஜோடி! சொந்தப் பிள்ளையோட குரல் எனக்குத் தெரியாதா?"

இருவரும் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு எழுந்தார்கள். சாக்பீஸ் கோடுகள் மிதிபட்டன. மெத்தை சரிந்து விழுந்தது. விரிப்புக்குப் பின்னால் பாட்டு மட்டும் நிதானமாக மறுபடி முதலிலிருந்து ஓடியது.

மனைவி விரிப்பை விலக்காமல், ஓரமாக நழுவி வெளியே வந்தாள். முகத்தில் ஒரு நீதிபதியின் அமைதி.

"சண்டை அப்புறம். ரெண்டாவதுதான் ஜெயிச்சதுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன்!"

"சந்தேகமே இல்லை!"

"அப்ப ஜெயிக்காதது எதுவும் இந்த மூலையில இருக்கக் கூடாது. பேச்சு மாறாதே?"

"மாறாது!" கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாவது முறையாக ஒரே குரல்.

"சரி. தையல் மிஷினைக் கொண்டுவர ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க."

"தையல் மிஷினா? அது எதுக்கு?" என்று சர்வேயர் கேட்பதற்கும் அழைப்பு மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

நர்ஸ் உள்ளே வந்தாள். கலைந்த முடியோடு நிற்கும் இரண்டு ஆண்களையும், தரையில் கிடக்கும் மெத்தையையும் பார்த்து ஒரு கணம் தயங்கினாள். தூக்கி வந்த பேஷன்ட் எங்கே என்று தேடுகிற பார்வை.

"அக்கா, நான் குடுத்ததை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அந்த விரிப்புக்குப் பின்னாலதான் இருக்கு. நீயே போய் எடுத்துக்கோம்மா."

நர்ஸ் விரிப்புக்குப் பின்னால் மறைந்தாள். மூலையிலிருந்து வந்துகொண்டிருந்த வயலின் திடீரென்று தரையை விட்டுக் கிளம்பி இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. சர்வேயரும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளேயிருந்து நர்ஸின் குரல் வந்தது.

"அக்கா, என் குண்டானுக்குள்ள உங்க போன் கிடந்து பாடுது, வந்து எடுத்துக்குங்க. அப்புறம், இந்தப் பெரிய பெட்டியோட பிளக்கு கழண்டு கிடக்கே, சொருகி விடட்டுமா?"