துட்டி வீட்டில் சுவர் பார்ப்பவர்

செய்தி வந்தபோது காலை ஏழு மணி. திருநெல்வேலியில் சிவசைலம் பிள்ளை வேப்பங்குச்சியும் கையுமாகக் கிணற்றடியில் நின்றிருந்தார். ஆழ்வார்குறிச்சியில் அவருடைய சிற்றப்பா மகன் சிவசண்முகம், பள்ளிக்கூட வாத்தியார், விடியுமுன் காய்ச்சலில் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னான். பிள்ளைக்குக் கண் கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. "எப்ப எடுக்காக?" என்று கேட்டார். அது எல்லோரும் கேட்பது. அடுத்த கேள்வியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

"அந்த வீட்டுக்கு வெள்ளையடிச்சு எத்தனை வருஷம் இருக்கும்லே?"

பிறர் வீட்டுச் சுவருக்கு நிறம் சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. கல்யாண வீட்டில் இவர்களைப் பிரித்தறிவது கஷ்டம். அங்கே எல்லோருமே பந்தலைப் பார்க்கிறவர்கள்தான். துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், சுலபம். மற்றவர்கள் இறந்தவரைப் பார்ப்பார்கள், அவருக்குப் பக்கத்தில் விழுந்து கிடப்பவளைப் பார்ப்பார்கள், எடுக்க நேரமானால் வெயிலைப் பார்ப்பார்கள். இவர் சுவரைப் பார்ப்பார். வாசலில் வந்து 'ஐயோ தம்பி' என்று ஒருவரைக் கட்டிக்கொண்டு அழுவார்; அழும்போதே அவர் தோளுக்கு மேலாக உத்தரம் வரைக்கும் பார்வையை ஓட்டிவிடுவார்; பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பைய விலகிப் போய், விரல் கணுவால் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, நகத்தால் சுரண்டி, சுரண்டியதை முகர்ந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் தம்முடைய துக்கத்தைச் சொல்வார்.

"காரை பொருமிட்டு."

அவருடைய சொந்த வீடு என்ன நிறம் என்று கேட்கிறீர்களா? தில்லியில் தர்பார் நடந்த வருஷம், புது ராஜாவுக்காகத் தெருவே வெள்ளையடித்தது. பிள்ளை மட்டும் அடிக்கவில்லை. ராஜாவின் மேல் கோபமில்லை. என்ன நிறம் என்பது முடிவாகவில்லை. இன்றைக்கும் முடிவாகவில்லை. அவர் மனைவி பிரம்மநாயகி கரியேறிய அடுக்களையிலிருந்து எப்போதாவது ஞாபகப்படுத்தினால், "அவசரப்பட்டு அடிச்சிட்டு அப்புறம் யாரு பார்க்கது?" என்பார்.

ஆழ்வார்குறிச்சியில் அவசரப்பட இடமிருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். அது வழக்கம், யாரும் மறுக்க முடியாது. பிள்ளை இரண்டாம் நாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சடங்குகளுக்கும் சுவர்களுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றார். முதல் காரியமாக, இறந்தவரின் மனைவி உலகம்மாளுக்குச் சட்டம் போட்டார். பதினாறு கழிகிற வரையில் அவள் உள்ளறையில் ஓர் இடத்தில் உட்கார வேண்டும். குளிக்கவும் கொல்லைக்குப் போகவும் எழுந்திருக்கலாம். திரும்பி வந்தால் அதே இடம். மாற்றி உட்கார்ந்தால் போன உயிருக்கு ஆகாது. இதைக் கூடத்தில் நின்று, தெருவுக்கும் கேட்கும்படி சொன்னார். உலகம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது காரியம் நிறம்.

வெறும் வெள்ளை போதாதா என்று யாரோ கேட்டார்கள். பிள்ளைக்கு மனம் வரவில்லை. வெள்ளைச் சீலை கட்டப் போகிறவளை வெள்ளைச் சுவருக்குள் வைத்தால் ஆள் எது, சுவர் எது என்று தெரிய வேண்டாமா? மஞ்சள் மங்கலம், அது அவளுக்கு இனி இல்லை. காவி அடித்தால் மடம் போலிருக்கும். பச்சை அடித்தால், என்று ஆரம்பித்தவர், எதிரே மேலப்பாளையம் அகமது மீரான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் காய்ச்சல் கண்ட வீட்டுக்குக் குளிர்ச்சி கூடாது என்று முடித்தார். இப்படி ஒவ்வொரு நிறமாக அவளிடமிருந்து பிடுங்கி எறிந்த பிறகு நீலம் மட்டும் மிஞ்சியது. அவளுக்கு ஏற்ற நிறம் நீலம் என்று கண்டுபிடித்தது இந்த விதமாகத்தான்.

அவளைக் கேட்டார்களா? என்ன கேள்வி இது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சுவரைப் பற்றிப் பேசலாமா?

அகமது மீரான் சாயப்பொடி வியாபாரி, வாத்தியாருக்குச் சிநேகிதர். துக்கம் தாங்காமல் தலைகுனிந்து இருந்தவரைப் பிள்ளை சீண்டி, நல்ல நீலம் கைவசம் இருக்கிறதா, சுண்ணாம்பில் கலந்தால் வெளிறுமா என்று விசாரித்தார்.

"நான் துட்டி கேக்க வந்திருக்கேன் அண்ணாச்சி," என்றார் மீரான்.

"நானும் அதுக்குத்தான்வே வந்தேன். ஒரு பேச்சுக்குக் கேக்கேன்."

இந்த 'ஒரு பேச்சுக்கு' என்பது அந்த இனத்தின் கொடி. இதைத் தூக்கிவிட்டால் பிறகு எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம்.

உலகம்மாள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் உள்ளறையைப் பார்வையிட நுழைந்தபோதுதான் பிள்ளைக்கு உண்மையான சந்தோஷம் கிடைத்தது. தெற்குச் சுவரில், உட்கார்ந்தால் தலை சாய்கிற உயரத்தில், கறுப்பாக ஓர் எண்ணெய்ப் பிசுக்கு. வாத்தியார் ராத்திரிகளில் விளக்கை வைத்துக்கொண்டு சாய்ந்து படித்த இடம்; சனிக்கிழமைதோறும் தேய்த்த நல்லெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் இறங்கியிருந்தது. இதற்கு மேல் நீலம் நிற்காது, பிசுக்கு மேலேறி வரும், காரையோடு கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும் என்று பிள்ளை கூடத்துக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்.

வாத்தியாரின் தங்கை வடிவம்மாளும் ஒத்துப் பாடினாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்தப் பிசுக்குக்காக மதினி அண்ணனோடு சண்டை போடுவாள், சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து போவாள், இப்போதாவது போகட்டும் என்றாள். பிள்ளை நெகிழ்ந்து போனார். பார்த்தீர்களா? அவள் ஆசைப்பட்டதைத்தான் அவர் செய்யப் போகிறார்.

குளித்துத் திரும்பியிருந்த உலகம்மாளின் குரல் உள்ளறையிலிருந்து வந்தது. வாத்தியார் போன பிறகு, அழுகை இல்லாமல் அவள் பேசி அந்த வீடு கேட்டது அதுதான் முதல் தடவை.

"வடிவு, அது அவுகளுக்கும் எனக்கும் உள்ள சண்டை. அதுல வேற ஆளு எதுக்குன்னு கேளு."

பிள்ளை இதைத் துக்கத்தில் வந்த பேச்சாக எடுத்துக்கொண்டு மன்னித்தார். பெரிய மனது.

வெள்ளையடிக்க ஆள் வந்தான். புன்னக்காயல் சிப்பிச் சுண்ணாம்பு ஊறி, நீலம் கலந்து, கூடம் முடிந்தது, நடை முடிந்தது. பிள்ளை பின்னாலேயே நின்று, மட்டையை மேலிருந்து கீழே இழு, கீழிருந்து மேலே இழு என்று இரண்டையும் சொன்னார். உள்ளறைக்கு வந்தார்கள். மூன்று சுவர் முடிந்தது. தெற்குச் சுவரில், அந்தப் பிசுக்கின் மேல் முதுகும் தலையும் படிய, உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் போய் உட்கார்ந்தாள் என்றில்லை. அவர் சட்டம் போட்ட நாள் முதல் அவள் இடம் அதுதான். சுவரைத் தட்டிப் பார்த்த மனிதர் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் பார்த்திருக்கவில்லை.

கொஞ்சம் நகரச் சொல் என்று வடிவம்மாளிடம் சைகை காட்டினார். வடிவம்மாள் போய்க் குனிந்து சொன்னாள். உலகம்மாள் எழுந்திருக்காமலே பதில் சொன்னாள்.

"இருந்த இடத்தை மாத்துனா அவுக உயிருக்கு ஆகாதுன்னு அத்தான்தான் சொன்னாக. அத்தான் வந்து, நான் சொன்னது சும்மான்னு எல்லாரும் கேக்கச் சொல்லட்டும். எந்திரிக்கேன்."

கூடத்தில் துட்டிக்கு வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். பிள்ளை அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அடித்து முடிந்த மூன்று சுவர்களையும் மறுபடி பார்வையிடப் போனார். அவள் குளிக்கப் போகும்போது அடித்துவிடலாமே என்று ஆள் யோசனை சொன்னான். அன்றைக்கு அவள் குளிக்கவே போகவில்லை. சாயங்காலம் வரை மட்டையோடு நின்று பார்த்துவிட்டு, அவளைச் சுற்றி அடித்தான். பதினாறு கழியட்டும், நானே நின்று கொத்த வைக்கிறேன் என்றார் பிள்ளை. விசேஷம் முடிந்த அன்று மத்தியானம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு பெரியவர் தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. பெரிய வீடு, இரண்டு கட்டு, பழைய காரை. பிள்ளை அடுத்த ரயிலுக்கே கிளம்பினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தடவை துட்டி கேட்கப் போனீர்களே, பேச்சு ஓய்ந்து எல்லோரும் சும்மா இருந்த நேரத்தில் உங்கள் கண் எங்கே போயிற்று? ஜன்னல் கதவுக்கு ஒரு பச்சை வார்னிஷ் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியதே, அது தோன்றியதோடு நின்றதா? அந்த வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள் உங்களுக்கு இன்னும் பதில் சொல்லாமல் இருப்பது ஒரு மரியாதைக்காகத்தான்.

ஆழ்வார்குறிச்சி வீட்டு உள்ளறையில், தெற்குச் சுவரில் ஓர் ஆள் சாய்கிற அகலத்துக்கு நீலம் அடிக்கப்படவில்லை.