ஊமைத்தறி வாய் திறந்த கதை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நான்கு நாட்கள், என் அறைத்தோழனை ஊமை என்று நம்பி அவனோடு கைஜாடையிலேயே குடித்தனம் நடத்தியவன் நான்.

தப்பு முழுக்க என்னுடையதல்ல. அவன் சோமனூர்க்காரன். வீட்டில் எட்டு விசைத்தறிகள் ஓயாமல் ஓடும். அந்தச் சத்தத்தில் சோறு, தண்ணீர், நூல் அறுந்துபோச்சு எல்லாமே ஜாடைதான். பழக்கதோஷத்தில் என்னிடம் ஜாடையில் சோப்பு கேட்டான். நானும் மனமுருகி ஜாடையிலேயே இல்லை என்றேன். வகுப்பு தொடங்கி அட்டெண்டன்ஸில் “இருக்கறேனுங்க” என்று அவன் முனகியபோது பெஞ்சிலிருந்து விழப்பார்த்தேன். அவனுக்கு ஊமைத்தறி என்று பெயர் விழுந்தது.

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அவனைப்போல் கூச்சப்பட்டவன் பிறந்ததில்லை. மெஸ்ஸில் இரண்டாவது தோசை கேட்கக் கூசி, ஒரு வருடம் ஒற்றைத் தோசையில் உயிர் வாழ்ந்தான். எதிரே பெண்கள் வந்தால் சாலையைக் கடப்பான். அந்தப் பக்கமும் பெண்கள் வந்தால் ஏதாவது பஸ்ஸில் ஏறிவிடுவான். ஒருமுறை அப்படியே வால்பாறை போய்ச் சேர்ந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜப்பானிலிருந்து மாமா கொண்டுவந்தது என்று ஒருவன் வீடியோ கேசட் போட்டான். கார்ட்டூன். தேங்காய் நார்போல முடி சிலிர்த்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன், யாரோடும் பேச வராமல் மொட்டைமாடியில் தனியாக டிபன் சாப்பிடுகிறான். ஒரு பெண் பென்சிலைத் தவறவிட, எடுத்துக் கொடுப்பதற்குள் வேர்வை ஆறாக ஓடி அதிலேயே மிதந்து போகிறான். ஒரு வார்த்தையும் புரியவில்லை. “நிறுத்துங்கடா!” என்று கூச்சல் கிளம்பியபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஏனுங் அம்மணி, இந்தப் பென்சில் உங்களுதுங்களா? இல்லீன்னா பரவால்லீங்க, மறுக்கா கீழயே போட்டர்றேனுங்க.”

ஊமைத்தறி! திரையில் பையன் வாய் அசைய அசைய இவன் பேசினான்.

“சாமி, நாளைக்காச்சும் யாராச்சும் எங்கிட்ட மணி கேக்கோணுமுங்க. அதுக்குன்னே வாச்சு கட்டியிருக்கறேனுங்க.”

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. கேசட் முடிந்தது. அவன் வாயும் மூடிக்கொண்டது.

அடுத்து எலக்ட்ரிக்கல் வைவா வந்தது. கேள்விக்கு வாயால் பதில் சொல்லும் பரீட்சை. வாயே திறக்காமல் ஏற்கெனவே வேறு இரண்டு வைவாக்களில் ஃபெயிலானவன் அவன். மூன்றாவதும் போனால் படிப்பை நிறுத்தித் தறிக்கு அனுப்பிவிடுவதாக அவன் அப்பா சொல்லிவிட்டார்.

“எக்ஸாமினர ஜப்பான்காரன்னு நெனச்சுக்கடா. நீ அந்தப் பையனுக்குக் கொரல் குடு, போதும்” என்றேன்.

ஒரு வாரம் முழுக்க நானே எக்ஸாமினராக உறுமி அவனைப் பழக்கினேன். அந்த மும்முரத்தில் நான் புத்தகத்தைத் திறக்க மறந்துபோனேன்.

வைவா அன்று வெளியில் நின்று காதைக் கதவில் வைத்தேன்.

“ஏனுங் சார், லோடு இல்லாம ஓட்டுனா இந்த மோட்டாருக்குக் கூச்சமே போயிருமுங்க. பிச்சுக்கிட்டுப் பறக்குமுங்க!”

எக்ஸாமினர் சிரிக்கும் சத்தம் கேட்டது. பாஸ்!

அடுத்து நான். மோட்டார் எது, மேஜை எது என்றே தெரியவில்லை. ஊரே வாயாடி என்று திட்டும் என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. ஃபெயில்.

லீவு விட்டதும் ஹாஸ்டல் காலியானது. மறுபரீட்சைக்காக நான் மட்டும் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து அறைக்குத் திரும்பினால், ஊமைத்தறி என் மோட்டார் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பாஸானவன் ஏன்டா இன்னும் ஊட்டுக்குப் போகல?”

பக்கத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னான்:

“நீங்க போகலீங்களே.”