காட்சிக்கு வைத்த கன்றுக்குட்டி

சர்க்கார் ஆபீசிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு சத்தம் வருகிற வழக்கம் செம்பாறைப்பட்டியில் கிடையாது. பகலிலேயே அவ்வளவாக வராது. ஆகையால் அன்று விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில், பூட்டிக் கிடந்த சுகாதாரக் காரியாலயத்துக்குள்ளிருந்து "ம்ம்மே" என்று நீளமாக ஒரு குரல் எழுந்ததும் நெசவாளர் தெருவில் அத்தனை தறியும் ஒன்றாக நின்றன.

பாலாமணி மடியில் கிடந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க அது?"

அவள் புருஷன் ரங்கராஜ் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். "கன்னுக்குட்டி மாதிரி இருக்கு."

"ஆபீசுக்குள்ள கன்னுக்குட்டிக்கு என்ன வேலை?"

"உள்ள உக்காந்திருக்கிறவுகளுக்கு மட்டும் என்ன வேலை" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி தறி நாடாவை ஓட்டினான்.

பாலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம் எந்தச் சத்தமும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பந்தல்குடிப் பக்கம் மூன்று வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். பெரியம்மை. மகன் சென்னகேசவனுக்கு எட்டு மாதம் நடக்கிறது, இன்னும் அம்மை குத்தவில்லை. அவள் மதுரையில் ஒரு கான்வெண்டில் எட்டாவது வரை படித்தவள். குத்திக்கொண்டால் பெரியம்மை அண்டாது என்று கன்னியாஸ்திரீகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோபம் வந்தால் வீட்டுக் கன்னடம், கடைத்தெருவில் தமிழ், பயம் வந்தால் இங்கிலீஷ் என்று அவளுக்கு மூன்று பாஷை. சித்திரை வெயிலிலும் முழங்கை வரை மூடிய ஜாக்கெட்டைத்தான் போடுவாள். படித்த பெண்ணின் அடக்கம் என்று தெரு அதை மெச்சியது.

கன்றுக்குட்டியின் காரணம் மறுநாள் விளங்கிற்று.

அம்மை குத்துகிற மருந்தில் குதிரை ரத்தம் இருக்கிறது, பன்றிக் கொழுப்பு இருக்கிறது, பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க அடையாளம் வைக்கிற மை இருக்கிறது என்றெல்லாம் ஜனங்கள் பேசிக்கொள்வது மேலிடத்தின் மேலான கவனத்துக்குப் போயிருந்தது. அதன் பேரில் ஓர் உத்தரவு பிறந்தது: 'மேற்படி மருந்தில் அடங்கிய சகல பொருள்களும் ஒவ்வொரு காரியாலயத்திலும் பொதுஜனப் பார்வைக்கு வைக்கப்பட வேண்டியது. தவறினால் விளக்கம் கோரப்படும்.'

அடங்கியவை இரண்டு. ஒன்று, கன்றுக்குட்டியின் தோலில் உண்டாக்கி எடுக்கிற அம்மைப்பால். இரண்டு, அது கெடாமலிருக்கக் கலக்கிற கிளிசரின். சுகாதார இன்ஸ்பெக்டர் அருஞ்சுனை இருபத்திரண்டு வருஷ சர்வீசில் எந்த உத்தரவையும் பாதியில் விட்டவரில்லை. மாட்டுப் பவுண்டில் கேட்பாரற்றுக் கிடந்த செவலைக் கன்று ஒன்றைக் காகிதம் எழுதி வாங்கி, ஜன்னலோரம் கட்டி, கழுத்தில் 'பொருள் 1' என்று அட்டை மாட்டினார். யுத்தத்தை முன்னிட்டு கிளிசரின் கிடைக்கவில்லை. காலி சீசாவில் 'பொருள் 2, வரவேண்டியது' என்று ஒட்டிப் பக்கத்தில் வைத்தார்.

இதில் ஒரு சிறு சிக்கல். அந்தக் கட்டடத்தில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான்: ஜன்னலோரத் தண்ணீர்ப்பானைக்கு அடியிலுள்ள ஈர மணல். அருப்புக்கோட்டையிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடும் கரி பஸ்ஸில் வரும் மருந்துக் குழாய்களை, அம்மை குத்துகிற பால்ச்சாமி அதில்தான் புதைத்து வைப்பார். 'பார்வைக்கு வைத்த பொருளின்மீது வெயில் படலாகாது' என்று உத்தரவில் இருந்தபடியால் ஈர மணல் கன்றுக்கு ஒதுக்கப்பட்டது. மருந்துக் குழாய்கள் பீரோவின் உச்சிக்குப் போயின. அதற்கு ஒரு முழம் மேலே ஓட்டுக்கூரை. அந்த வெக்கையில் பல்லிகூட அங்கே தங்குவதில்லை.

ஜனங்கள் பார்க்க வந்தார்கள். ஊசியைக் கண்டால் கதவடைக்கிற தெருவுக்குக் கன்றுக்குட்டியோடு என்ன விரோதம்? எதிர்வீட்டு லிங்கம்மாள்தான் முதலில் அதன் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் வரிசை நின்றது.

அருஞ்சுனை இதை மூன்று நாள் கூர்ந்து கவனித்தார். நாலாம் நாள் அவருக்கு ஓர் உண்மை தென்பட்டது. மருந்து கன்றிலிருந்து வருகிறது. கன்று ஜனங்களின் தோலில் படுகிறது. ஆகவே மருந்து ஜனங்களின் தோலில் பட்டாயிற்று. ஊசியின் வேலையும் அவ்வளவுதானே. அன்று முதல் கன்றைத் தொட்டவர்கள் எல்லாரும் ரிஜிஸ்தரில் 'அம்மை குத்தப்பட்டவர்' ஆனார்கள். அது தூங்கும்போது தொட்டவர்கள் மட்டும் மறுபடி வர வேண்டும். தொட்ட கையோடு கார்டும் வாங்கிக்கொண்டு போகலாம். அம்மைக் கார்டு இல்லாதவனுக்குப் பங்கீட்டுக் கண்ட்ரோல் நூல் கிடையாது என்று நூல் டிப்போவில் பலகை தொங்கிய சமயம் அது. பத்தே நாளில் செம்பாறைப்பட்டியில் நூற்றுக்கு நூற்று மூன்று பேருக்கு அம்மை குத்தப்பட்டது. கூடுதல் மூவர் கன்றைப் பார்க்க வந்த வெளியூர்ச் சம்பந்திகள்.

அதற்குள் இது நாகரிகமாகவும் ஆகிவிட்டது. டவுனில் உத்தியோகஸ்தர் வீடுகளில் அம்மை குத்தின தழும்பு இருக்கிற பெண்ணாகத்தான் கேட்கிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. உடனே பெண்கள் இடது தோளுக்குக் கீழே மருதாணியால் வட்டமாக இரண்டு தழும்பு வைத்துக்கொண்டார்கள். அது தெரிய ஜாக்கெட்டுக் கையை வெட்டித் தைத்தார்கள். ஆண்களும் பின்தங்கவில்லை, அவர்களுக்குச் சிவப்பு மசி. தழும்பு மங்கினால் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்த வசதி ஊசியில் கிடையாது.

"நீயும் ரெண்டு வச்சுக்கிறது தானே?" என்றாள் லிங்கம்மாள். "கான்வெண்டுல படிச்சவ, இன்னும் பழைய மோஸ்தர்லயே கிடக்கியே."

"எனக்கு வேண்டாங்கக்கா" என்று பாலாமணி ஜாக்கெட்டுக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை தெருக்கோடி வீட்டு வாசலிலும் வேப்பிலை செருகினார்கள். அந்த வீட்டில் எல்லாருக்கும் கார்டு இருந்தது.

பாலாமணி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காரியாலயத்துக்கு நடந்தாள்.

"ஐயா, பிள்ளைக்கு அம்மை குத்தணும்."

அருஞ்சுனை ரிஜிஸ்தரைப் புரட்டினார். "பேரு?"

"சென்னகேசவன். தகப்பனார் ரங்கராஜ்."

"குத்தியாச்சே. போன புதன்கிழமை."

"இவன் வாசப்படியே தாண்டலையே ஐயா."

"தகப்பனார் குடும்பத்துக்காகத் தொட்டுட்டுப் போயிருக்காரு. கையெழுத்து இருக்கு பாரு. நாலு பேருக்குக் கார்டு குடுத்திருக்கோம்."

"எங்க வீட்டுல மூணு பேருதானே?"

"நாலாவது பேரு 'தறி'ன்னு போட்டிருக்கு. யாரு, மாமனாரா?"

வீட்டுக்குப் போய்க் கன்னடத்தில் சொல்வதற்குப் பாலாமணி பதிலை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கார்டை எல்லாம் திருப்பிக் குடுத்துர்றேன். எனக்குக் கார்டு வேண்டாம், ஊசி போதும்."

இருபத்திரண்டு வருஷ சர்வீசில் அருஞ்சுனை இப்படியொரு கோரிக்கையைக் கேட்டதில்லை. ஊசி வேண்டாம் கார்டு வேண்டும் என்பவர்களுக்குத்தான் அவரிடம் அச்சடித்த பாரம் இருந்தது.

"குத்தினவனுக்கு மறுபடி குத்தப்படாதும்மா. முதல்ல, குத்தினதை ரத்து பண்ணணும். மேலிடத்துக்கு எழுதினா ஆறு மாசத்துல பதில் வரும்."

"அதுக்குள்ள அம்மை வந்துட்டா?"

"கார்டு உள்ளவனுக்கு வந்தா அது விதிக்குப் புறம்பா வந்தது. அதை அம்மைன்னு நாம ஒத்துக்கிட முடியாது."

"தெருக்கோடி வீட்டுல வந்திருக்கே ஐயா."

"அது வேர்க்குரு. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

இதற்குள் பிள்ளை கையை நீட்டிக் கன்றின் காதைப் பிடித்துவிட்டான். அருஞ்சுனை பேனாவை மசியில் தொட்டு எழுதினார். "இந்தா, ரெண்டாந் தடவையும் ஆயிருச்சு. இனி இந்தச் சென்மத்துல அவனுக்குப் பயமில்லை."

பாலாமணி பீரோ உச்சியைப் பார்த்தாள். "அதுதான் மருந்தா?"

"ஆமா தாயி" என்றார் ஓரமாக நின்ற பால்ச்சாமி. "வந்து மூணு வாரமாச்சு."

"கூட ஒரு காகிதம் வந்திருக்குமே."

வந்திருந்தது. ஆடுகிற மேஜைக்காலுக்கு அண்டக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை உருவி, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்தாள். குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வெக்கையில் இருந்த மருந்து செத்துப்போகும், அதை உபயோகிக்கக் கூடாது. கையைத் தண்ணீரில் துடைத்து உலரவிட வேண்டும், ஸ்பிரிட் பூசினால் மருந்து வேலை செய்யாது. ஊசியை நெருப்பில் காட்டி ஆறவிட வேண்டும். காய்ச்சலோ சிரங்கோ உள்ள பிள்ளைக்குக் குத்தக் கூடாது. குத்தின இடத்தில் எதையும் அப்பக் கூடாது.

"நெருப்புல காட்டணுமா?" என்றார் பால்ச்சாமி. "நான் வேட்டியில தொடைப்பேன். பதினோரு வருஷமா."

அருஞ்சுனை காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நம்பர் இல்லை, கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. இது உத்தரவு ஆகாது. வெறும் விஷயந்தான்."

மேஜை மறுபடி ஆடியது. பாலாமணிக்குப் பயத்தில் இங்கிலீஷ் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த மனுஷனுக்கு இங்கிலீஷ் செல்லாது, கன்னடம் செல்லாது, அழுகை செல்லாது. அவருக்குச் செல்லுகிற பாஷை ஒன்று இருந்தது. அதில் பேசிப் பார்த்தாள்.

"சரிங்கய்யா. உத்தரவுல 'சகல பொருள்களும்'னுதானே இருக்கு? கன்னு இருக்கு, சீசா இருக்கு. அதுலருந்து எடுத்த அம்மைப்பால் எங்க? இருக்கிறதும் செத்துப்போனது. மேலிடத்துல இருந்து யாராச்சும் வந்து பார்த்தா விளக்கம் கேட்பாகளே."

அருஞ்சுனையின் முகம் வெளுத்தது. அம்மைக்கு அவர் பயந்தவரல்ல.

"பால்ச்சாமி, புது மருந்துக்கு எழுது. பார்வைக்குன்னு எழுது. குத்துறதுக்குன்னு எழுதிறாத. நூத்துக்கு நூத்தி மூணு குத்தின பெறகு மருந்து எதுக்குன்னு கேட்பான்."

"வந்தா எங்க வைக்கிறதுங்க? குளிர்ந்த எடத்துல பொருள் ஒண்ணு படுத்திருக்கே."

"எங்க தறிக்குழியில வைங்க" என்றாள் பாலாமணி. "பாவு நூல் அறுந்துறப்படாதுன்னு தினமும் தண்ணி தெளிக்கிறோம். உள்ள சில்லுன்னு இருக்கும்."

அருஞ்சுனை ரிஜிஸ்தரில் புதுப் பக்கம் புரட்டினார். பிறகு 'ரங்கராஜ் வீட்டுத் தறிக்குழி, இக்காரியாலயத்தின் தற்காலிகக் குளிர்ப் பிரிவு' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

மருந்து வர ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் வேப்பிலை அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வரைக்கும் வந்துவிட்டது. பாலாமணி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், தன் கைதான் சுடுகிறதோ என்று கன்னத்தை வைத்துப் பார்ப்பதுமாக இருந்தாள். பஸ்ஸில் கரியடுப்புப் பக்கம் வைத்துவிடாமல், ஈரச்சாக்கு சுற்றிய மண்கூஜாவுக்குள் போட்டு மடியில் வைத்துக் கொண்டுவரும்படி பால்ச்சாமியிடம் சொல்லியிருந்தாள். அவரும் கைக்குழந்தையைப் போலப் பொத்திக் கொண்டுவந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் தறிக்குழிக்குள் இறக்கினார்.

"இருங்கண்ணே. பிள்ளைக்குக் குத்திட்டுப் போங்க."

"இது பார்வைக்குத்தான் தாயி வந்திருக்கு."

"நான் பொதுஜனந்தானே? நான் பார்க்கணும். எப்படிக் குத்துறதுன்னு காட்டுங்க."

இதை மறுக்க பால்ச்சாமிக்கு ஒரு விதியும் அகப்படவில்லை. அவள் சொன்னபடி ஊசியை விளக்கில் காட்டி ஆறவிட்டார். பிள்ளையின் கையை அவள் தண்ணீரில் துடைத்து உலர்த்தினாள். ஒரு சொட்டு மருந்து, ஒரு கீறல். சென்னகேசவன் முகத்தைச் சுளித்து இரண்டு விநாடி அழுதான். பிறகு விளக்கைப் பார்த்துக்கொண்டே அழுகையை மறந்துபோனான்.

பாலாமணிக்கு மூச்சு வந்தது. "குழாயில மிச்சம் இருக்கே."

"இன்னும் பத்துப் பேருக்கு வரும்."

"உடைச்சதை வைக்கப்படாது. இவுகளுக்கும் குத்துங்க."

ரங்கராஜ் எழுந்தான். "எனக்குத்தான் கார்டு இருக்கே" என்றபடி புழக்கடைப் பக்கம் போனான். அந்தக் கதவை அவள் முன்னமே பூட்டியிருந்தாள். திரும்பி வந்தான்.

"முதல்ல அண்ணன் குத்திக்கிடட்டும்" என்றான். "அவரு குத்திக்கிட்டா நானும் குத்திக்கிடுதேன்."

"எனக்கு எப்பவோ குத்தியாச்சு" என்று பால்ச்சாமி சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். வட்டமாக இரண்டு தழும்பு இருந்தது. பஸ்ஸில் வந்த வேர்வையில் ஒன்றின் மசி சற்று வழிந்திருந்தது. பாலாமணி ஈரத்துணியால் துடைத்தாள். மற்றதும் மங்கிற்று.

"என்னண்ணே இது?"

"குத்துறவனுக்கு எவன் தாயி குத்துவான்?"

"நாளைக்கு அம்மை கண்ட வீட்டுக்குள்ள நீங்கதானே போகணும்."

"போகணுந்தான்." பால்ச்சாமி ஊசியைப் பார்த்தார். "ஆனா பதினோரு வருஷமா இது படும்போது ஆளுக மூஞ்சியைப் பார்த்திருக்கேன். எனக்கு வேண்டாம்." சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் ஓரடி வைத்தார்.

"பாலா, உனக்குக் கான்வெண்டுலயே குத்தியாச்சுல்ல" என்றான் ரங்கராஜ். "நிஜத் தழும்பைக் காட்டு. எங்களுக்கும் தைரியம் வரும்."

தூரத்தில் பொருள் 1 ஒருதரம் கத்திற்று.

பாலாமணி ஜாக்கெட்டுக் கையை மெல்ல மேலே சுருட்டினாள். கை வழுவழுவென்று இருந்தது. கான்வெண்டில் அம்மை குத்த வந்த அன்று அவள் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் மத்தியானம் வரை ஒளிந்திருந்தாள். வெளியே வந்தபோது சிஸ்டர் அவள் பேருக்கு நேரே 'குத்தப்பட்டது' என்று எழுதி மசியும் காய்ந்திருந்தது. அவளும் திருத்தச் சொல்லவில்லை.

ரங்கராஜ் வாசலைப் பார்த்தான். பால்ச்சாமி வாசலைப் பார்த்தார். பாலாமணியும் வாசலைத்தான் பார்த்தாள். அவள் கால் அவளைக் கேட்காமலே இரண்டடி அந்தப் பக்கம் போயிருந்தது. அந்த வீட்டில் உண்மையாகவே அம்மை குத்தப்பட்ட ஒரே ஆள் பாயில் கிடந்தபடி இரண்டு பல்லைக் காட்டி மூவரையும் பார்த்துச் சிரித்தான்.

அவள் கதவு வரைக்கும் போனாள். தெருவில் இருட்டாக இருந்தது. ஓடுவதற்கு நல்ல இருட்டு. ஒரு நிமிஷம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தி, தனக்கும் சேர்த்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.