டனல் அண்ணாச்சியின் ஒன்றரை நிமிடம்

தாராவியில் காத்திருக்கத் தெரிந்த ஒரே மனிதர் டனல் அண்ணாச்சிதான். மற்ற எல்லோரும் சிக்னல் விழும் முன்பே ஹாரன் அடிப்பவர்கள்.

எங்கள் சந்து முனையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மாடி அறைக்குப் போகும் இரும்பு ஏணியில் மனைவியால் ஏற முடியாமல் போனதும், டோம்பிவிலியில் மகள் வீட்டில் படுக்க வைத்தார்கள். மதினியைக் கடையிலிருந்தே பார்க்கவும் பேசவும் அங்கே ஒரு கேமரா. அந்தப் படம் வேறு எவன் கண்ணிலும் படக்கூடாதென்று, பழைய சாமான் கடையில் பொறுக்கிய ரவுட்டர்களை மகள் வீட்டில் ஒன்றும் கடையில் ஒன்றும் வைத்து, நடுவே விபிஎன் டனல் என்ற ரகசியச் சுரங்கம் போட்டார். படம் அங்கே பூட்டப்பட்டுக் கிளம்பும். இங்கே பூட்டுத் திறந்து திரைக்கு வரும். கிழட்டு ரவுட்டர்கள் பூட்டித் திறப்பதற்குள் ஒன்றரை நிமிடம் ஓடிவிடும்.

“ஏளா, சாப்டியா?” என்று கேட்டுவிட்டு, ஒரு போனைக் கழற்றுவார். ஸ்க்ரூ எல்லாம் எடுத்து நிமிரும்போது திரையில் மதினி தலையாட்டுவார்.

எதிர்க்கடை டெய்லர் விடமாட்டார். “என்ன அண்ணாச்சி, மதினி பதிலு ஸ்லோ லோக்கல் ரயில்லயா வருது?”

“வரட்டும்வே. வழியில ஒரு பய ஏற முடியாதுல்லா?”

கடையில் இருந்த ஒரே ஃபேனும் ரவுட்டருக்குத்தான். கஸ்டமர் முனகினால், “உமக்கு வேர்த்தா தொடச்சுக்கிடுவீரு. அது தொடச்சுக்கிடுமா?”

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அதிலும் நெட்வொர்க் படித்தவள். சும்மா இருப்பேனா? “புது ரவுட்டர்ல இதே பூட்டு சட்டுனு திறக்கும் அண்ணாச்சி. மதினி கூப்பிட்டா உடனே கேக்க வேண்டாமா?”

அதற்குத்தான் மசிந்தார். “சரிட்டி, ரெண்டு வாங்கிட்டு வா.”

ஞாயிறு காலை பெட்டிகளோடு போனேன். போனைக் காதில் வைத்தபடி திரையைப் பார்த்து நின்றார். மகளின் அழுகை வெளியே கேட்டது.

“அம்மா போயிட்டாப்பா.”

“இல்ல மக்ளே. கைய அசைக்கா, பாரு.”

திரையில் மதினி விரல்களை மடக்கி நீட்டினார். அண்ணாச்சியும் கையசைத்தார். டெய்லரின் மெஷின் நின்றுபோனது. ஒன்றரை நிமிடக் கணக்கு அண்ணாச்சிக்குத் தெரியாததா? தெரியும். ஃபேனை ரவுட்டருக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தினார்.

பிறகு திரையிலும் கை நின்றது.

பெட்டிகளை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ரவுட்டர் வாங்கித் திரும்ப ஏறிய ஆண்டாப் ஹில் பஸ் நேரத்துக்கு வந்திருந்தால், கடையில் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருப்பேன். லேட்டாக வந்தானென்று அந்த டிரைவரை வழியெல்லாம் திட்டினேன். எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.