கொத்தமல்லி ஏற்ற ஒரு டீசல் பிக்கப்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி கத்திக்கொண்டிருந்தது. வாழ்ந்துவந்தது என்று சொல்வதுதான் முறை. ஆனால் அது வாழ்ந்ததைவிடக் கத்தியதுதான் அதிகம்.

அதன் பெயர் சென்னியப்பன். அப்பன் பாட்டன் சொத்து என்று ஒரு பொந்துகூடக் கிடையாது. உதிர்ந்த முள்ளைப் பொறுக்கிப் பல் குத்தும் குச்சி என்று புலிகளுக்கு விற்று முன்னுக்கு வந்தவன். புலியிடமே பேரம் பேசி விற்றவன் என்பதால், உலகத்தில் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்குகிறவன் எல்லாம் முட்டாள் என்று அவனுக்கு ஒரு எண்ணம். இப்படி ஒரு பிறவியை நீங்கள் பார்த்ததில்லை என்றால் உங்கள் வீட்டில் கண்ணாடி இல்லை என்று அர்த்தம். என் வீட்டில் இரண்டு இருக்கின்றன.

சென்னியப்பனிடம் ஒரு டிரெய்லர் இருந்தது. மலைப்பாதையில் படுத்துக்கொண்ட கார்களை அதில் ஏற்றி ஊர் சேர்ப்பது தொழில். இழுப்பது சிட்டம்மாள் என்ற யானை. கூலி, கரும்புக் கட்டு. ஒருநாள் சென்னியப்பன் தராசோடு வந்தான்.

"அக்கா, தோகையைக் கழிச்சுட்டுத்தான் இனி எடை. தோகை கரும்பு ஆகாது."

சிட்டம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். இழுவைச் சங்கிலியைக் கழற்றி, அவன் காலடியில் மெதுவாக வைத்தாள்.

"நீயே இழுத்துக்க சாமி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

"போ, போ! யானை இல்லாட்டி மலை நகராதா?" என்று கத்தினான் சென்னியப்பன். மலை நகரவில்லை. டிரெய்லரும் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆள் அனுப்பினார் கடமான் நாச்சிமுத்து. அந்த மலையில் அவர் சொன்னால் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் மணப்பெண் வீட்டு வாசலில் இருந்து கோயில் வாசல் வரை தரையில் கால் வைக்கக்கூடாது. அதற்கென்று துடைத்து வைத்திருந்த கார் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

"காரை உன் டிரெய்லர்ல ஏத்து. உள்ளே புள்ளை உட்கார்ந்துக்கும். கோயில்ல கொண்டுபோய் இறக்கு" என்றார் நாச்சிமுத்து. "முகூர்த்தம் தப்புச்சுன்னா, சென்னியப்பா, இனி இந்த மலையில உன் டிரெய்லர்ல ஒரு சைக்கிள்கூட ஏறாது. ஓநாய் புதுசா ஒரு டிரெய்லர் வாங்கியிருக்கான். தெரியுமல்ல?"

"மாமா, கவலையை விடுங்க" என்றான் சென்னியப்பன். அவர் வீட்டுப் படி இறங்கும்போதே கணக்குப் போட்டான். மூன்று வயது டிரெய்லர். இழுக்க ஆள் இல்லை. ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தான்.

பழைய வண்டி வியாபாரம் செய்தது ஒரு தேவாங்கு. பெயர் பொன்னுரங்கம். ஆலமரத்தடியில் பட்டறை. பெரிய கண், சின்னக் குரல், எதற்கும் அவசரப்படாத கை. சென்னியப்பன் அவனைப் பார்த்ததும், 'இவனை மென்று துப்பிவிடலாம்' என்று நினைத்தான். நாம் மென்று துப்ப நினைத்த ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள்.

பேரத்துக்குச் சென்னியப்பனிடம் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, பொருள் பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டக்கூடாது. இரண்டு, எதற்கு வாங்குகிறோம் என்று விற்கிறவனிடம் உயிரே போனாலும் சொல்லக்கூடாது. சொன்னால் கழுத்தைப் பிடித்துவிடுவான்.

"வாங்ணா. என்ன வண்டி பாக்கறீங்க?"

"சும்மா பாக்கறேன்."

"எதுக்குங்ணா, லோடு அடிக்கவா? எதாச்சும் இழுக்கவா? சொன்னீங்கன்னா அதுக்குத் தகுந்த மாதிரி காட்டுவேன்."

ஆஹா, வலை விரிக்கிறான் என்று நினைத்தான் சென்னியப்பன். வாயில் வந்ததைச் சொன்னான். "கொத்தமல்லி ஏத்த."

"கொத்தமல்லிக்கா?"

"ஏன், கொத்தமல்லி நடந்தா போகும்?"

பொன்னுரங்கம் தலையை ஆட்டிக்கொண்டு மூன்று வண்டி காட்டினான். முதல் வண்டி முயல் ஓட்டியது. கிளட்ச் தேய்ந்து வாசனை வந்தது. இரண்டாவது எருமை வைத்திருந்தது. சேற்றிலேயே கிடந்து அடித்தகடு துருப்பிடித்திருந்தது. மூன்றாவது பச்சை நிறத்தில் ஓரமாக நின்றது.

"ஒரே ஓனருங்ணா. நத்தை. மூணாவது கியருக்கு மேல போட்டதே இல்லை."

சென்னியப்பன் வேலை தெரியாதவன் இல்லை. பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது, அவன் வருவதற்குமுன் சூடுபண்ணி ஏமாற்றவில்லை. சாவியைத் திருப்பினான், ஒரே திருப்பில் பிடித்தது. புகை லேசாகக் கறுத்துவிட்டு அடங்கியது. ஆயில் மூடியைத் திறந்தான், தேய்ந்த எஞ்சின் போலக் குப்பென்று புகை மூச்சு விடவில்லை. குனிந்து பின்னால் பார்த்தான். சேசிஸோடு போல்ட் போட்டு முறுக்கிய கனமான கொக்கி. டிரெய்லர் மாட்டுவதற்கென்றே பிறந்த கொக்கி. நத்தை தன் வீட்டை இழுத்துப்போக மாட்டியிருந்தது போல.

சென்னியப்பன் முகம் கல்லாக இருந்தது. சட்டம் சட்டம்தான். ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவனுக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் முதுகில் உள்ள முள் அத்தனையும் தலை வாரிவிட்டது போலப் படிந்துவிடும். கோபம் வந்தால் விறைத்து நிற்கும். பொன்னுரங்கம் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. டீ கிளாஸை வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றிருந்தான்.

"பிடிச்சிருச்சுங்களா?"

"இதா? இரும்பு விலைக்குக்கூடத் தேறாது. என்ன சொல்றே?"

பொன்னுரங்கம் மரவள்ளிக்கிழங்கு மூட்டையில் ஒரு விலை சொன்னான். நியாயமான விலை. உண்மையில் அந்த மலையில் அதைவிட நியாயமான விலையை யாரும் சொன்னதில்லை. அதனாலேயே சென்னியப்பனுக்குச் சந்தேகம் வந்தது. பாதிக்குக் கேட்டான்.

"சரிங்ணா" என்றான் பொன்னுரங்கம்.

சென்னியப்பனுக்கு வெற்றி இனிக்கவில்லை. சண்டை இல்லை, சத்தியம் இல்லை, பிள்ளைகுட்டிக்காரன் என்ற புலம்பல் இல்லை. கால் விலைக்குக் கேட்டிருக்கலாமோ?

"ஆனா பாதி விலைன்னா ஸ்டெப்னி வராதுங்ணா. கொத்தமல்லிக்கு என்ன டயரா வெடிக்கப்போகுது?"

"எடுத்துக்க. அது வழுக்கை டயர்" என்றான் சென்னியப்பன். ஒன்றை விட்டால் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும் என்பது பேரத்தின் தர்மம். "அப்ப இன்னும் ரெண்டு மூட்டை குறை."

"சரிங்ணா. ஸ்டெப்னியே இல்லைன்னா ஜாக்கி எதுக்கு? அதையும் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்க! இன்னும் ஒண்ணு குறை. கடைசி."

பொன்னுரங்கம் யோசித்தான். வண்டியைச் சுற்றி வந்தான். பின்னால் போய் உட்கார்ந்து, சின்ன விரலால் கொக்கியைத் தட்டினான்.

"இந்தக் கொக்கியைக் கழட்டிக்கட்டுங்களா? நல்ல கனம். கொத்தமல்லிக்கு இது தேவையே இல்லை பாருங்க."

சென்னியப்பன் முள் எல்லாம் விறைத்து நின்றது. வாயைத் திறந்தான். 'ஐயோ, அதுக்காகத்தானேடா வந்தேன்' என்று சொல்ல வேண்டியதுதான். சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சொன்னால் தேவை தெரிந்துவிடும். தேவை தெரிந்தால் தோற்றதாக ஆகிவிடும். ஒரு தேவாங்கிடம் தோற்கவா புலியிடம் பல் குத்தும் குச்சி விற்றான்?

"கொத்தமல்லிக்கு... கொக்கி எதுக்கு?" என்றான். "கழட்டிக்க."

"முள்ளு நிக்குதுங்களே?"

"காத்து."

ஆலமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

போல்ட் ஒவ்வொன்றாகக் கழன்றது. சென்னியப்பனுக்குத் தன் பல்லைப் பிடுங்குவது போல இருந்தது. ஆனாலும் சொன்ன விலையில் பாதிக்கும் கீழே ஒரு டீசல் பிக்கப் வாங்கிவிட்டான். வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். போய் டிரெய்லருக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். இறங்கி வந்து இரண்டுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

கயிறு கட்டி இழுக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். மலை இறக்கத்தில் கயிறு கட்டி இழுத்தால் டிரெய்லர் முன்னால் வந்து வண்டி முதுகில் ஏறும். யானை என்றால் பின்காலால் தாங்கிக்கொள்ளும், வண்டிக்குப் பின்கால் கிடையாது. அந்த அளவுக்கு அறிவு அவனுக்கு இருந்தது. அறிவு இல்லாத இடம் வேறு.

வியாழக்கிழமை பிக்கப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆலமரத்தடிக்குப் போனான். பட்டறை வாசலிலேயே நிறுத்தினான்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அந்தப் பழைய கொக்கி கிடக்குதா?"

"கிடக்குதுங்ணா. கொத்தமல்லிக்கா?"

"வீட்ல... துணி காயப்போட."

பொன்னுரங்கம் விலை சொன்னான். பேரத்தில் மிச்சம் பிடித்த மூட்டை அத்தனையும், மேலே ஒன்றும்.

"என்னடா அநியாயம்! நேத்து ஒரு மூட்டைக்குக் கழட்டினே!"

"நேத்து அது வேண்டாத கொக்கிங்ணா. இன்னைக்கு உங்களுக்கு வேணுமே. முள்ளு படிஞ்சு கிடக்குதே."

சென்னியப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக முகத்தைக் கல்லாக்கி வைத்துக்கொண்டு முதுகால் உளறியிருக்கிறான். புலிகளும் முதுகைத்தான் பார்த்திருக்கும். வந்தது பார் கோபம்! உச்சந்தலை முதல் வால் வரை முள் அத்தனையும் ஒரே நேரத்தில் விறைத்தது. அவன் பிக்கப்பின் பின் டயரை ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

புஸ்ஸ்ஸ்.

திடுக்கிட்டு முன்பக்கம் துள்ளினான். முன் டயரும் புஸ்.

பொன்னுரங்கம் கண்ணை மூடித் திறந்தான். "ஸ்டெப்னி இருக்குதுங்ணா. ஜாக்கியும் இருக்குது. விலை பேசலாமுங்களா?"

"உன்கிட்ட இனி ஒரு நட்டுகூட வாங்கமாட்டேன்டா!"

"சரிங்ணா. ஆனா நாளைக்குச் சந்தை. விடியறதுக்குள்ள வாசலை விட்டு வண்டியை எடுத்துருங்க."

கத்தத் தெம்பு இல்லாமல் சென்னியப்பன் ஆற்றங்கரைக்குப் போனான். சிட்டம்மாள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான்.

"யாரு? மலை நகர்ந்துருச்சா?"

"நாளைக்கு ஒரு நாள் மட்டும். கூலி நீ சொல்றதுதான்."

"தோகையோட."

"தோகையோட."

"தராசு?"

"ஆத்துல போட்டர்றேன்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. சிட்டம்மாள் டிரெய்லரைப் பட்டறைக்கு இழுத்துவந்து, பிக்கப்பைத் தும்பிக்கையால் தள்ளி ஏற்றினாள். போகிற வழியில் சென்னியப்பன் வீட்டில் அதை இறக்கிவிட்டு, காலி டிரெய்லரோடு கல்யாண வீட்டுக்குப் போவது என்று ஏற்பாடு.

"இறக்கற கூலி தனி" என்றாள் சிட்டம்மாள்.

"தனியா? ஏத்தினா இறக்கறதும் சேர்த்திதான். எந்த ஊர்ல தனிக்கூலி கேக்கறாங்க?"

"ஏத்தறது ஒரு வேலை. இறக்கறது ஒரு வேலை. நீ மரத்துல ஏறிட்டு இறங்காமயா இருக்கே?"

"அது என் மரம்!"

பேச்சு இப்படியே வளர்ந்தது. சென்னியப்பன் வீடு வந்தது. போனது. இருவரும் கவனிக்கவில்லை. அரைக் கட்டா, ஒரு கட்டா என்று அடித்துக்கொண்டே நாச்சிமுத்து வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். மேளம் நின்றது. சொந்தபந்தம் எல்லாம் திரும்பிப் பார்த்தது.

நாச்சிமுத்து கொம்பை ஆட்டிக்கொண்டு வந்தார். "என்ன சென்னியப்பா இது? என் காரை ஏத்த வரச்சொன்னா, ஏற்கெனவே ஒரு வண்டியை ஏத்திட்டு வந்து நிக்கறே? முகூர்த்தத்துக்கு நேரம் ஆச்சு!"

"ஒரு நிமிஷம் மாமா, இறக்கிர்றேன். அக்கா, இறக்கு."

"ஒரு கட்டு" என்றாள் சிட்டம்மாள்.

"அரைக் கட்டு."

"ஒரு கட்டு."

டிரெய்லர், தொழில், மானம் எல்லாம் அரைக் கட்டுக் கரும்பில் தொங்கின. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சென்னியப்பன் வாயைத் திறந்தான்.

"முக்கால் கட்டு" என்றான்.

ஓநாய் கூட்டத்தில் நின்று சிரித்தது.

அப்போது வாசற்படியில் நின்ற மணப்பெண் மரகதம், "இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான்" என்று சொல்லிவிட்டு ஒரே தாவு. பட்டுப்புடவையோடு பிக்கப்பின் பின்தட்டில் போய் நின்றாள். கால் தரையில் படவில்லை.

"அப்பா, இதுல நின்னுட்டே போறேன். அந்தச் செத்த காருக்குள்ள உட்கார்ந்தா என் நகையை யார் பாப்பா?"

மேளம் மறுபடி முழங்கியது. முன்னால் யானை. யானைக்குப் பின்னால் டிரெய்லர். டிரெய்லர் மேல் பிக்கப். பிக்கப் மேல் மணப்பெண். காடே மரத்தில் ஏறி நின்று பார்த்தது. இப்படி ஒரு ஊர்வலம் இந்த மலையில் நடந்ததே இல்லை என்று கழுகுகள் பேசிக்கொண்டன. ஓநாயின் அம்மாகூட அழுதாள்.

கோயில் வாசலில் நாச்சிமுத்து சென்னியப்பனைக் கட்டிப்பிடித்தார். முள் குத்தியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. "என்ன வாடகை வேணும், சொல்லு!"

சென்னியப்பன் துணிந்து, வழக்கமான வாடகையைப் போல இரண்டு பங்கு கேட்டான்.

"சரி" என்றார் நாச்சிமுத்து.

அன்று இரவு முழுக்க அவனுக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று பங்கு கேட்டிருக்கலாம்.

அதற்கப்புறம் அந்த மலையில் எந்தக் கல்யாணம் என்றாலும் யானை இழுக்கிற டிரெய்லர்மேல் பிக்கப் வேண்டும் என்று ஆகிவிட்டது. டயரில் காற்று அடிக்கவே தேவை இருக்கவில்லை. சிட்டம்மாளுக்குத் தோகையோடு கரும்பு. சென்னியப்பன் பார்ப்பவர்களிடம் எல்லாம், "நத்தை வெச்சிருந்த வண்டி, பாதி விலைக்கு அடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒருநாள் பொன்னுரங்கம் அந்தக் கொக்கியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான்.

"அண்ணா, மனசு கேக்கலை. இது உங்க வண்டிக் கொக்கி. காசு வேண்டாம், சும்மாவே வெச்சுக்குங்க."

சென்னியப்பன் கொக்கியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். முதுகில் முள் அழகாகப் படிந்தது.

"சும்மாவா?" என்றான். "அப்ப இதுல என்னமோ கோளாறு இருக்கு. எடுத்துட்டுப் போ."

நீதி: தேவையைச் சொல்லிக் கேட்கிறவனுக்கு வண்டி கிடைக்கும், மறைத்துப் பேரம் பேசுகிறவனுக்கு யானைதான் கிடைக்கும். ஆகவே, வண்டி வாங்கப் போகுமுன் கரும்பு வாங்கி வைத்துக்கொள்ளவும். தோகையோடு.