டவர் சித்தரும் நெத்திலிக் கருவாடும்

சிப்பிமேட்டுக்கு டவர் வரவில்லை. டவர் சித்தர் வந்துவிட்டார்.

கீழவைப்பாருக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கிற ஊர் அது. போனில் ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் மாதா கோயில் மணிக்கூண்டில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் வள்ளத்தில் ஏறிக் கடலுக்குள் போக வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில், பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னால் ஓலைப்பந்தல் போட்டு, முப்பதடி மூங்கிலில் திரிசூலம் கட்டி நட்டு, காவி வேட்டியோடு ஒருவர் உட்கார்ந்தார். மறுநாளே பந்தலுக்குள் போன்களெல்லாம் டிங் டிங்கென்று துள்ளின. பிறகு கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? டவர் இருக்கிற வேம்பாரிலிருந்துகூட ஆட்டோ பிடித்து வந்தார்கள். அருள் சிக்னலுக்கு வேகம் ஜாஸ்தியாம்!

“கடலில் மாண்ட ஆன்மாக்கள் அலைவரிசையை மறித்து நிற்கின்றன. யாம் விலக்குவோம்” என்றார் சித்தர். சுத்தமான செந்தமிழ்.

விலக்குவதற்குத் தகடு வாங்க வேண்டும். செம்புத் தகட்டுக்கு மெசேஜ் மட்டும் வரும். வெள்ளித் தகட்டுக்குப் போட்டோ வரும். தங்க முலாம் தகட்டுக்கு வீடியோ கால். சீடர் போனை வாங்கித் திரைக்குப் பின்னால் கொண்டுபோய், தீட்சை கொடுத்து, முதுகில் தகட்டை ஒட்டித் திருப்பித் தருவார். திரையில் ஒரு விசிறி அடையாளம் முளைக்கும். சித்தர் அருள் வீசுகிறார் என்று அர்த்தம்.

“இது வைஃபை மாதிரில்லா இருக்கு?” என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

“வைஃபைக்குக் கம்பெனி வேணும்லே. இங்கன எந்தக் கம்பெனி இருக்கு?” என்று மளிகைக்கடை மாடக்கண்ணு அண்ணாச்சி வாயை அடைத்தார். அவர் போனில் மூன்று தகடுகளும் ஒட்டியிருந்தன. போன் சட்டைப்பைக்குள் நுழையவில்லை.

கருவாடு விற்கிற ரோஸும் செம்புத் தகடு வாங்கினாள். அவளை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. புருஷன் ஜெமி சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாயிற்று. பந்தலுக்குள் போன் துள்ளியதும் முதலில் வந்தது அவன் பேசி அனுப்பியிருந்த மெசேஜ்தான். “ரோசு, சொகமா வந்து சேந்துட்டோம்ளா.” அதைக் கேட்டுவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு யாராவது சித்தரைச் சந்தேகப்பட்டால் அவளே சண்டைக்குப் போனாள்.

ஒரே குறை. வீட்டுக்குக் கொண்டுபோனால் தகடு வேலை செய்யவில்லை. சித்தரிடம் கேட்டாள்.

“இல்லத்தில் கருவாட்டு வாடை. அலைகள் கூசுகின்றன.”

ரோஸ் வீட்டை எலுமிச்சம்பழம் போட்டு மூன்று தடவை கழுவினாள். வாடை போயிற்று. அலைகளுக்குக் கூச்சம் போகவில்லை.

இதற்கிடையில் மகள் அனுஜாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். “காலை பஸ்ல தூத்துக்குடிக்குப் போயிருவோம்மா” என்றாள் அனுஜா. “சித்தர் இருக்கும்போது பஸ் எதுக்குளா?” என்றாள் ரோஸ்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மகளோடு பந்தலுக்குப் போனால் சீடர் கையை நீட்டி மறித்தார். வெள்ளிக்கிழமை விசேஷ பூசையாம். தங்கத் தகடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

“எம் பிள்ளை படிப்புய்யா!”

“காதில் தங்கம் இருக்கிறதே, தாயே” என்றார் உள்ளேயிருந்து சித்தர்.

ரோஸ் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்கு ஓடினாள், இன்னொரு தடவை முயன்று பார்க்கலாமென்று. ஓடின ஓட்டத்தில் செம்புத் தகடு எங்கோ கழன்று விழுந்துவிட்டது. வீட்டில் இந்தத் தடவையும் ஒன்றும் வரவில்லை. தகடு போனது தெரியாமலே திரும்பி வந்தாள். பந்தல் வாசலை நெருங்கும்போது கையிலிருந்த போன் டிங்கென்றது. திருப்பிப் பார்த்தாள். முதுகு மொட்டையாக இருந்தது.

அப்படியே நின்றுவிட்டாள். தகடு இருந்தபோது வீட்டில் வரவில்லை. தகடு இல்லாமல் இங்கே வருகிறது. அப்படியென்றால் தகடு எதற்கு?

கேள்வி அவ்வளவுதான். அதைக் கேட்க ஊருக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

இடுப்புப் பையிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாட்டை எடுத்தாள். ரப்பர் பேண்டைப் போட்டு அதைப் போனின் முதுகில் கட்டினாள். விறுவிறுவென்று கூட்டத்துக்கு நடுவே போய் நின்று கையை உயர்த்தினாள்.

“எல்லாரும் பாத்துக்கிடுங்க. தகடு இல்ல, நெத்திலி. விசிறி முழுசா நிக்குதா இல்லியா?”

நின்றது. கூட்டம் வாய் பிளந்தது.

“அண்ணாச்சி, ஒங்க போன்ல மூணு தகடு இருக்குல்லா? அப்படியே ஒங்க கடை வாசல் வரைக்கும் போய்ட்டு வாங்க.”

மாடக்கண்ணு போனார். வந்தார். முகம் கறுத்திருந்தது. “அங்கன ஒண்ணும் வரலளா. சுத்தமா இல்ல.”

சித்தர் கண்ணைத் திறந்தார். அசரவில்லை. “அந்த நெத்திலி முற்பிறவியில் ஒரு முனிவர்.”

கூட்டத்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “ஏளா ரோசு, முனிவர் கிலோ என்ன வெல?”

ரோஸுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மணி நாலு. இனி இவர்களோடு பேசிப் பயனில்லை என்று, சூலம் கட்டிய மூங்கிலைச் சுற்றி வந்தாள். சுற்றியிருந்த மாலைகளுக்கு அடியில் கறுப்பாக ஒரு வயர் இறங்கி மணலுக்குள் போயிற்று. அதைப் பிடித்து இழுத்தாள்.

“ஏளா! ஏளா! வயர இழுக்காத! கிரிம்ப் பண்ணுன முனை கழண்டுரும்!”

செந்தமிழ் கடலோடு போயிற்று. கத்தியது சித்தர்தான்.

மணலைக் கீறிக்கொண்டு மேலே வந்த வயர் நேராகப் பஞ்சாயத்து ஆபீஸ் பின் ஜன்னலுக்குள் நுழைந்தது. கூட்டமும் பின்னாலேயே போயிற்று. தலைவர் சிவனணைந்தபெருமாள் அந்த அறைச் சாவி தொலைந்து வெகுகாலமாயிற்று என்றார். நாலு பேர் கதவில் தோளைக் கொடுக்கப் போகவும், சாவி அவர் இடுப்பிலேயே கிடைத்துவிட்டது. சித்தரின் அடுத்த அற்புதம்!

உள்ளே சுவரில் ஒரு பெட்டி பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தது. ஊருக்காக அரசாங்கம் போட்ட இணைய இணைப்பு. கேபிள் வந்து இரண்டு வருஷமாகிறது.

“தெறப்பு விழாவுக்குப் பெரிய ஆளு தேதி குடுக்கல. அதான் பூட்டி வச்சிருந்தேன்” என்றார் தலைவர். “இவன் கேட்டான்... சும்மாதான கெடக்கு, பாதிப் பாதின்னு...”

சித்தரின் சொந்தப் பெயர் பாலகணேஷ். கேபிள் டிவி லைன்மேன். திரிசூலத்தின் நடுமுனை ஒரு ஆண்டெனா. தீட்சை என்பது பாஸ்வேர்டு, தகட்டுக்கு ஒன்று.

வெளியே அவன் காவியை யார் முதலில் பிடிப்பது என்று தள்ளுமுள்ளு நடந்தது. ரோஸ் அதைப் பார்க்கவில்லை. தலைவரிடம் பாஸ்வேர்டு வாங்கி, அனுஜாவை அந்தப் பெட்டிக்குக் கீழே உட்கார வைத்து, பக்கத்திலேயே நின்றாள். நாலே முக்காலுக்கு அனுஜா நிமிர்ந்தாள். “எம்மா, சீட் உறுதியாயிட்டு!” ரோஸ் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். தோடு காதிலேயே இருந்தது.

மறுநாள் ரிப்பனை அறுத்து ஊருக்குப் பாஸ்வேர்டு கொடுத்தார்கள். தகடு இல்லை, திரை இல்லை. கருவாட்டு வாடைக்கு நடுவிலும் அலைகள் கூசாமல் வந்தன. எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்றுதான் ரோஸ் நினைத்தாள். ஆபீஸ் பக்கம் போனால், மாடக்கண்ணு அண்ணாச்சி அந்தப் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடத்தட்டோடு நிற்கிறார்.

ரோஸ் சூடத்தை ஊதி அணைத்தாள்.

“அண்ணாச்சி, நெட்டு போச்சுன்னா கேக்கதுக்குக் கம்பெனி இருக்கு. ஒங்களுக்கு யோசனை போச்சுன்னா நான் எந்தக் கம்பெனிக்குப் போன் போட?”