பதறவேண்டாம் சாரின் பேனா

இன்று உங்களுக்கு ஓர் அபூர்வப் பிறவியை அறிமுகம் செய்து வைக்கப் போகிறேன். அபூர்வம் என்று மரியாதைக்குச் சொன்னேன். எந்த அலுவலகத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தாலும் இவர்மேல்தான் விழும். பெற்றோர் இவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. எங்கள் ஊரில் இவர் பதறவேண்டாம் சார்.

வெள்ளம் மாடிப்படி ஏறி வந்தால் “லேசான நீர்த்தேக்கம்” என்பார். கிடங்கு கொழுந்துவிட்டு எரிந்தால் “புகைதான் கொஞ்சம் அதிகம்” என்பார். பாலம் இடிந்து ஆற்றில் கிடந்தால் “போக்குவரத்து வேறு வழியில் நடைபெறுகிறது” என்பார். பொய் சொல்கிறாரா? அதுதான் இல்லை. பொய் சொல்லவும் கொஞ்சம் துணிச்சல் வேண்டுமே!

இந்தப் பிறவியை நான் மிக அருகில் பார்த்தது, பூமி அதிர்ந்து, கடல் எழுந்து வந்து, கரையோர அணுமின் நிலையத்தின் மின்சாரத்தை அடித்துக்கொண்டு போன மூன்றாம் நாள். உலைகளைக் குளிர்விக்கும் பம்புகள் நின்றுவிட்டன. இரண்டு உலைகள் உள்ளே உருகிக்கொண்டிருப்பதாகப் பேச்சு. வீட்டைப் பூட்டிக்கொண்டு வரச் சொல்லி, எங்கள் தெருவையே பள்ளிக்கூட அரங்கத்தில் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். எனக்கும் என் மனைவிக்கும் கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே பாய் விரிக்க இடம் கிடைத்தது.

சார் வந்தார். கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையாத புத்தம் புது வேலைச்சட்டை, பையில் பளபளக்கும் பேனா, கையில் ஒலிவாங்கி, பின்னால் வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு உதவியாளர்கள், முகத்தில் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரின் சிரிப்பு.

“சார், உலை உருகிடுச்சாமே?” என்றார் முடிதிருத்துபவர்.

“உருகிடுச்சுன்னு சொல்லக் கூடாது. உள்ளே கொஞ்சம் வடிவம் மாறியிருக்கலாம்.”

“நேத்து வெடிச்சது?”

“அது சத்தத்தோட நடந்த ஒரு நிகழ்வு.”

பிறகு பாடம் தொடங்கியது. விமானத்தில் போனால் கதிர்வீச்சு, பல்லைப் படம் பிடித்தால் கதிர்வீச்சு, ஏன், நாம் தினமும் தின்கிற வாழைப்பழத்தில்கூடக் கதிர்வீச்சு என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, முடிதிருத்துபவருக்குப் பொறுக்கவில்லை.

“அப்போ வாழைப்பழத்துக்குப் பயந்துதான் எங்களை வீட்டைப் பூட்டிட்டு வரச் சொன்னீங்களா?”

அரங்கம் சிரித்தது. சாரும் சிரித்தார், எல்லோருக்கும் முன்னால். இந்த இனத்துக்குக் கோபமே வராது. வந்தால் பதற்றம் என்று ஆகிவிடாதா?

அப்போது பேருந்து ஓட்டுநரின் மனைவி எழுந்தாள். தோளில் ஏழு மாதக் குழந்தை; கையில் காலிப் பால்புட்டி. கொண்டுவந்த தண்ணீர் காலையிலேயே தீர்ந்துவிட்டது. குழந்தை அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

“சார், எனக்கு வாழைப்பழம் வேணாம், விமானம் வேணாம். இந்தக் குழாய்த் தண்ணியில பால்மாவு கலக்கி இவளுக்குக் குடுக்கலாமா, கூடாதா?”

“நல்ல கேள்வி. ஒரு சராசரி மனுஷர், சராசரியா ஒரு வருஷம்...”

“இவளுக்கு ஏழு மாசந்தான் சார் ஆகுது.”

“இப்போதைக்கு உடனடியா எந்தப் பாதிப்பும் இருக்கிறதா தகவல் இல்லை.”

“குடுக்கலாம்னு அர்த்தமா?”

“பதற வேண்டாம்னு அர்த்தம்.”

அவள் பதறவில்லை. பைக்குள்ளிருந்து குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். “சரி சார். குழாய்த் தண்ணி குடுக்கலாம்னு இதுல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உடனே கலக்கிடறேன்.”

ஒரு வரி! தினம் முந்நூறு தாளில் கையெழுத்துப் போடுகிற மனிதருக்கு ஒரே ஒரு வரி! சார் சட்டைப் பையைத் தொட்டார். பேனாவை எடுத்தார். உதறினார். சொன்னார்:

“அடடா... எழுதலையே.”

அவர் எழுதிப் பார்க்கவே இல்லை. அது அத்தனை பேருக்கும் தெரிந்தது. முடிதிருத்துபவர் தன் பேனாவை நீட்டினார். கணக்கு வாத்தியார் சிவப்பும் நீலமுமாக இரண்டு நீட்டினார். மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா, பின்வரிசைப் பிள்ளைகள் என்று நீட்ட நீட்ட, சாரைச் சுற்றி இருபது முப்பது பேனா முனைகள். அவர் ஒவ்வொன்றையும் பார்த்தார், ஒன்றையும் வாங்கவில்லை.

“இதுக்கு... உரிய அதிகாரி வேற ஒருத்தர்” என்றார் கடைசியில். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அவள் அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். “கெளம்புங்க” என்றாள் கணவனிடம். அவ்வளவுதான். வெளியே, எங்களை ஏற்றிவந்த அவருடைய பேருந்து உறுமிய சத்தம் கேட்டதும் அரங்கமே பாயைச் சுருட்டியது. இரண்டு ஊர் தாண்டி ஒரு கிணற்றடியில் வண்டியை நிறுத்தித்தான் அந்தக் குழந்தைக்குப் பால் கலக்கினார்கள். காலிப் பாய்களுக்கு நடுவில் சார் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பள்ளிக் காவலாளி கேட்டிருக்கிறார்: “கூட்டம் அமைதியா கலைஞ்சுது சார்.”

மறுநாள் அரங்கக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்களாம். ‘கைக்குழந்தைகளுக்குக் குழாய் நீர் கொடுப்பதைத் தவிர்க்கவும். இது முன்னெச்சரிக்கை மட்டுமே. பதற வேண்டாம்.’ படிக்க அங்கே ஒரு குழந்தைக்காரியும் இல்லை. கீழே கையெழுத்தும் இல்லை.

பேருந்தில் நான் சாரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்: “காலையில குழாய்த் தண்ணியைக் குடிக்கலாமான்னு கேட்டேனே, நீங்க என்ன சொன்னீங்க?”

‘ஒண்ணும் ஆகாது, குடி’ என்று சொல்லியிருந்தேன். அவளும் என்னை நம்பி இரண்டு டம்ளர் குடித்திருந்தாள்.

“எழுதித் தருவீங்களா?” என்றாள்.

என் பையில் பேனா இருந்தது. நன்றாக எழுதும் பேனா. முப்பது பேர் நீட்டியபோதும் அதை நான் வெளியே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன வாரம் வீட்டில் யாரோ எதற்கோ பயந்து கேட்டபோது, தலையைக்கூடத் தூக்காமல் “அதெல்லாம் ஒண்ணுமில்லை” என்றீர்களே. உங்கள் பேனாவை எடுங்கள், பார்க்கலாம். எழுதுகிறதா?